நாளுக்கொரு கணக்கு

கோம்பை என்றதும் வெளியூர் நண்பர்கள் முதலில் விசாரிப்பது நாயைப் பற்றித்தான். செம்பழுப்பு உடலும் கரிய முகமும் கொண்ட அந்த வேட்டைநாய் ஈட்டித் தந்த பெயருக்கு மேல் நம் ஊர் மனிதர்கள் பெரிதாக ஏதும் ஈட்டிவிடவில்லை. இசை பற்றிய பேச்சு வந்தால் பக்கத்துப் பண்ணைப்புரத்தைக் காட்டிக் கொஞ்சம் நிமிர்ந்துகொள்வோம். மற்றபடி மேற்கே மலை, கிழக்கே பள்ளத்தாக்கு, நடுவில் தென்னையும் நிலக்கடலையும் என்று பொழுது போகும் ஊர். இவ்வூரிலிருந்து கணினி நிரல் எழுதும் போட்டிகளைப் பற்றித் தமிழ் பயிற்றுவிக்கும் ஒருவர் கட்டுரை எழுதப் புகுவது சற்று விபரீதமாகத் தோன்றலாம். காரணத்தைச் சொல்லிவிடுகிறோம்.

சென்ற கார்த்திகையில் ஒரு மாலை, நான்கு வீடு தள்ளிக் குடியிருக்கும் ஓர் அம்மையார் நம் வாசலில் வந்து நின்றார். விடியலில் ஜீப் ஏறி மலைமேல் ஏலத்தோட்ட வேலைக்குச் சென்று, இருட்டும் வேளையில் திரும்புகிறவர். மகன் கல்லூரியில் இரண்டாமாண்டு கணினி அறிவியல் படிக்கிறான்.

“ஐயா, இவன் ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் செல்லுல கணக்குப் போடுறேங்கிறான். போட்டிங்கிறான், ரஷ்யாக்காரன் நடத்துறான்ங்கிறான். படிக்கிறானா வெளையாடுறானான்னு எனக்குத் தெரியல. கம்பத்துல பழைய லேப்டாப்பு ஒண்ணு வருதாம். தோட்டை அடகு வெச்சு வாங்கித் தரச் சொல்றான். வாங்கலாமா வேண்டாமான்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க.”

ஒரு வார்த்தையில் சொல்லக்கூடிய விடை நம்மிடம் இல்லை. இரண்டு நாள் அவகாசம் கேட்டோம். அந்த இரண்டு நாள் இரண்டு மாதமாக நீண்டு, அதன் பயனாகவே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

*

பையனை அழைத்து அருகில் அமர்த்திப் பார்த்தோம். ‘போட்டி நிரலாக்கம்’ என இன்று வழங்கும் இத்துறைக்கு அரை நூற்றாண்டு வரலாறு உண்டு. கல்லூரி மாணவர்களுக்கான ஐ.சி.பி.சி. போட்டியின் வேர், 1970-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு போட்டியில் இருக்கிறது. முதல் இறுதிச்சுற்று 1977-இல் நடந்தது. பள்ளி மாணவர்களுக்கான பன்னாட்டுத் தகவலியல் ஒலிம்பியாடு 1989-இல் பல்கேரியாவில் தொடங்கிற்று; இந்தியா 2002 முதல் அதில் பங்கேற்கிறது. இந்திய மாணவர்களைத் தேர்ந்து பயிற்றும் பணியில் சென்னையை அடுத்த சிறுசேரியில் இயங்கும் சென்னை கணிதவியல் நிறுவனத்தின் பேராசிரியர்கள், குறிப்பாக மாதவன் முகுந்த், நெடுங்காலம் உழைத்து வந்துள்ளனர். அத்தேர்வின் முதற்கட்டங்களில் ஒன்று பல ஆண்டுகள் தாளும் பேனாவும் கொண்டே நடத்தப்பட்டது என்றறிந்தபோது நமக்கு வியப்பு. கணினிப் போட்டிக்குள் நுழையக் கணினி வேண்டியதில்லை, சிந்தனை போதும் என்று கருதியவர்கள் இருந்திருக்கிறார்கள்.

பையன் சொன்ன ‘ரஷ்யாக்காரன்’, சரடோவ் நகரில் மைக் மிர்சாயனோவ் உருவாக்கிய கோட்ஃபோர்சஸ். 2010-இல் முதல் போட்டியை நடத்திய தளம் அது. போட்டிகள் பெரும்பாலும் நம் நேரப்படி இரவு 8 மணியை ஒட்டித் தொடங்கி இரண்டு மணி நேரம் நடக்கும். ஏலத்தோட்டத்திலிருந்து தாய் திரும்பிச் சோறாக்கும் நேரம் அது. மகன் செல்பேசியில் குனிந்திருப்பது விளையாட்டாகத் தோன்றியதில் வியப்பில்லை.

வினாக்களின் இயல்பை ஒரு சான்றால் விளக்கலாம். தேங்காய்க் களத்தில் 2 லட்சம் மூட்டைகள் உள்ளன. ஒவ்வொன்றின் எடையும் தரப்பட்டிருக்கிறது. இரண்டு மூட்டைகள் சேர்ந்து சரியாக 100 கிலோ வருமா, வராதா? இவ்வளவுதான் வினா. எல்லா இணைகளையும் ஒன்றுவிடாமல் கூட்டிப் பார்ப்பதே நமக்குத் தோன்றும் வழி. அவ்வாறு செய்தால் ஏறத்தாழ 2000 கோடி முறை கூட்ட வேண்டும். கணினி ஒரு நொடியில் சுமார் 10 கோடி எளிய செயல்களைச் செய்யும் என்று இவர்கள் கணக்கு வைத்துக்கொள்கிறார்கள். நமக்குத் தரப்பட்டுள்ளதோ ஒரு நொடி அல்லது இரண்டு நொடி. ‘நேரம் மீறியது’ என்று தீர்ப்பு வந்துவிடும்.

பையன் இதற்குச் சொன்ன வழி, களத்தில் நிற்கும் கணக்கப்பிள்ளைக்கும் விளங்கக்கூடியது. மூட்டைகளை எடை வரிசையில் அடுக்கு. இடக்கையை மிக இலேசான மூட்டை மீதும் வலக்கையை மிகக் கனமான மூட்டை மீதும் வை. கூட்டுத்தொகை 100-ஐ மிஞ்சினால், அந்தக் கனமான மூட்டை வேறு எதனோடு சேர்ந்தாலும் மிஞ்சத்தான் செய்யும். அதைக் கழித்துவிட்டு வலக்கையை ஓரடி உள்ளே நகர்த்து. குறைந்தால், அந்த இலேசான மூட்டைக்கும் விமோசனம் இல்லை. இடக்கையை உள்ளே நகர்த்து. இரண்டு கைகளும் சந்திப்பதற்குள் விடை தெரிந்துவிடும். 2000 கோடியாக இருந்த வேலை, அடுக்கும் வேலையையும் சேர்த்துச் சில பத்து லட்சங்களுக்குள் அடங்கிவிடுகிறது. ‘கழித்துவிடலாம்’ என்று துணிவதற்குரிய காரணத்தில்தான் இக்கணக்கின் உயிர் இருக்கிறது. ஓர் உரையாசிரியர் பாடபேதத்தை நீக்கும்போது காட்டும் தர்க்கத்துக்கு இது எவ்வகையிலும் குறைந்ததன்று.

இவ்வளவு தெளிவாகச் சொன்ன பையனுக்கும் அந்த நிரல் ஐந்து முறை ‘தவறான விடை’ என்று திரும்பி வந்திருக்கிறது. எங்கே தவறு என்று நடுவர் எந்திரம் சொல்லாது. தன்னிடம் மறைத்து வைத்திருக்கும் சோதனைகளில் எத்தனையாவது ஒன்றில் தவறினாய் என்பதோடு நிறுத்திக்கொள்ளும். மறுநாள் இரவுதான் அவனுக்குப் பிடிபட்டது. இரண்டு கைகளும் ஒரே மூட்டை மீது வந்து நிற்கும்போதும் அவன் நிரல் கூட்டிக்கொண்டிருந்தது. தனியாகக் கிடந்த ஒரு 50 கிலோ மூட்டையைத் தன்னோடு தானே சேர்த்து 100 என்று காட்டிவிட்டது. இதை அவன் ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதியிட்டு எழுதி வைத்திருந்தான். அந்த நோட்டைக் கண்ட கணத்தில் தாயின் கேள்விக்குப் பாதி விடை நமக்குக் கிடைத்துவிட்டது. விளையாடுகிறவன் தன் தவறுகளுக்குப் பட்டியல் எழுதுவதில்லை.

*

இங்கே நம் கதையையும் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. நாம் தமிழ் முதுகலை பயின்றோம். யாப்பருங்கலக் காரிகையைப் பாடமாகப் படித்து நல்ல மதிப்பெண்ணும் பெற்றோம். மாமுன் நிரையும் விளமுன் நேரும் வருவது இயற்சீர் வெண்டளை, காய்முன் நேர் வருவது வெண்சீர் வெண்டளை, ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளுள் ஒன்றில் முடியவேண்டும் என்பதையெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். இருபது ஆண்டுகளாக வகுப்பிலும் சொல்லி வருகிறோம். ஆனால் நாற்பது வயது தாண்டும்வரை ஒரு வெண்பாவும் நாம் எழுதியதில்லை. ஒரு விழா மேடையில் பெரியவர் ஒருவர் ஈற்றடி கொடுத்து, “தமிழையா ஒரு வெண்பா பாடட்டும்” என்றபோது, தொண்டை சரியில்லை என்று சொல்லித் தப்பித்தோம்.

பையனின் நோட்டைக் கண்ட மறுநாள் நாமும் ஒரு நோட்டு வாங்கினோம். நாளுக்கொரு ஈற்றடி, நாளுக்கொரு வெண்பா. கவிதை என்று அவற்றைச் சொல்லத் துணியோம். தளை தட்டாமல் இருந்தால் போதும் என்பதே இலக்கு. முதல் மாதத் தவறுகளைக் கணக்கெடுத்தபோது, மிகுதியானவை ஒரே வகை: காய்ச்சீரை அடுத்து நிரையசை வந்து கலித்தளை ஆகிவிடுதல். இந்த விதியை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிப் போட்டவர் நாமே! விதியை அறிதல் வேறு, விதி கைக்கு வருதல் வேறு என்பதைத் தெரிந்துகொள்ள இருபது ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. பையனின் ஒரே மூட்டையும் நமது காய்முன் நிரையும் ஒரே சாதித் தவறுகள். இரண்டையும் சொற்பொழிவு கேட்டுத் திருத்திக்கொள்ள முடியாது.

நம் மரபில் இவ்வகைப் பயிற்சியின் உச்சம் அவதானம். இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907-இல் சென்னையில் சதாவதானம் நிகழ்த்தினார். ஈற்றடிக்கு வெண்பா, கணக்கு, முதுகில் விழும் கற்களின் எண்ணிக்கை என்று பல திசைகளிலிருந்து வருவனவற்றை ஒரே நேரத்தில் நினைவில் வைத்து விடையிறுக்கும் கலை அது. தெய்வ அருள் என்று நாம் கைகூப்பி விலகிவிடுகிறோம். அதற்குப் பின்னால் இருந்திருக்கக்கூடிய அன்றாடப் பயிற்சியைக் கேட்டறிய நமக்கு ஆர்வம் வருவதில்லை. சதுரங்க வல்லுநர்களை ஆராய்ந்த சேஸ், சைமன் என்னும் இருவர் 1973-இல் வெளியிட்ட ஆய்வை இங்கு நினைவுகூரலாம். உண்மையான ஆட்டத்திலிருந்து எடுத்த காய்நிலையைச் சில நொடிகள் காட்டினால் வல்லுநர் அதன் பெரும்பகுதியை மீட்டு அடுக்குகிறார். காய்களைத் தாறுமாறாக வைத்துக் காட்டினால் அவரும் நம்மைப் போலவே தடுமாறுகிறார். அப்படியானால் அவரிடம் இருப்பது அபூர்வமான நினைவாற்றல் அன்று; பயின்று பயின்று மனத்தில் படிந்த வடிவங்கள். யாப்பு கைவந்தவர் ஒரு சீரைக் கேட்டதும் அடுத்த சீரின் வாய்பாட்டை எதிர்பார்ப்பதும் இவ்வாறே.

*

இனி, மறுதரப்பையும் பேசியாக வேண்டும். போட்டிக்கான பயிற்சி மூளையைக் குறுக்கிவிடும் என்று வாதிடுவோர் உண்டு. அவர்களுக்குப் பெருந்துணையாக நிற்பவர் கணித மேதை ஹார்டி. கேம்பிரிட்ஜின் டிரைபோஸ் தேர்வு அக்காலத்தில் ஒரு பந்தயம். தனிப் பயிற்சியாளர்களிடம் பணம் கட்டி, கணக்கு வகைகளை உருப்போட்டு, முதலிடம் யாருக்கு என்று ஓடிய ஓட்டம். அது ஆங்கிலக் கணிதத்தையே பின்தங்க வைத்தது என்று ஹார்டி போராடினார். தரவரிசைப் பட்டியல் 1909-ஆம் ஆண்டோடு நின்றது.

ஆனால் வரலாறு குறும்புக்காரி. அந்தப் பந்தயத்துக்கு மாணவர்களைத் தயாரித்த கார் என்பவர் தொகுத்த நூல்தான் கும்பகோணத்தில் பள்ளி மாணவராயிருந்த ராமானுஜன் கையில் கிடைத்தது. ஏறத்தாழ 5000 முடிவுகள். நிறுவல்கள் மிகச் சுருக்கம், பல இடங்களில் இல்லவே இல்லை. அந்த இன்மையே வரமாயிற்று. ஒவ்வொரு முடிவையும் தாமே நிறுவிப் பார்க்க முயன்று பலகையில் எழுதி அழித்தார் ராமானுஜன். எஃப்.ஏ. படிப்பில் கும்பகோணத்திலும் சென்னையிலும் தவறியவர் அவர் என்பதும் நாம் அறிந்ததே. நூல் ஒன்றுதான், பந்தயத்துக்காக உருப்போட்டவர்களுக்கு அது மதிப்பெண்ணைத் தந்தது, விடையை மறைத்து வைத்துக்கொண்டு போராடியவருக்குக் கணிதத்தைத் தந்தது.

ஆகவே பயிற்சி வேண்டுமா என்று கேட்பதைவிட எத்தகைய பயிற்சி என்று கேட்பதே பொருந்தும். பேர்லின் நகர வயலின் மாணவர்களை ஆராய்ந்து எரிக்சனும் உடன் ஆய்வாளர் இருவரும் 1993-இல் எழுதிய கட்டுரையிலிருந்துதான் ‘பத்தாயிரம் மணி நேரம்’ என்ற முழக்கம் பின்னாளில் பிறந்தது. 2008-இல் மால்கம் கிளாட்வெல்லின் நூல் அதைப் பரப்பியது. எரிக்சனோ அந்த எண்ணை ஏற்கவில்லை. மணிக்கணக்கு அன்று, தன் எல்லைக்குச் சற்று அப்பால் உள்ளதை முயன்று, தவறைக் கண்டு, திருத்துவதே பயிற்சி என்பதே அவர் கொள்கை.

இதை நம் கல்லூரிகள் புரிந்துகொண்டதாகத் தெரியவில்லை. பெயர் வேண்டா, நாம் அறிந்த ஒரு கல்லூரியில், 300 கணக்கு முடித்தவருக்குச் சான்றிதழ் என்று அறிவித்தார்கள். ஒரு மாதத்துக்குள் பாதி வகுப்பு 300-ஐத் தாண்டியது. ஒருவர் எழுத, மற்றவர் படியெடுக்க, எண்ணிக்கை ஏறிற்று. ஒரு கணக்கும் எவர் தலையிலும் ஏறவில்லை. பையனிடம் இதைப் பற்றிக் கேட்டோம். “அது கணக்குப் போட்டதில்லங்கய்யா, கணக்குக் காட்டுனது” என்றான்.

பழைய திண்ணைப் பள்ளிகளிலும் இதே இரட்டைத் தன்மை இருந்தது. முந்திரி, காணி, மா என்னும் பின்னங்களை எண்சுவடியிலிருந்து பாடிப் பாடி மனத்தில் ஏற்றிய மாணவர்கள் அளவையில் வல்லவர்களாக வெளிவந்தனர். அந்த மனனம் அன்றாட வாழ்வோடு ஒட்டியது. காரி நாயனாரின் கணக்கதிகாரமோ பலாப்பழத்தை அறுக்காமலே சுளைகளை எண்ணவும் வழி சொல்கிறது: காம்பைச் சுற்றியுள்ள சிறுமுட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டுமாம். இதைத் தமிழரின் அறிவியல் என்று மேடையில் முழங்குவோரைக் கேட்டிருக்கிறோம். ஒருவரேனும் ஒரு பழத்தை அறுத்து எண்ணிப் பார்த்ததாகச் சொல்லக் கேட்டதில்லை. பையனிடம் சொன்னபோது அவன் முதலில் கேட்டது, “எத்தன பழத்துல சோதிச்சாங்க?” என்பதுதான். நடுவர் எந்திரத்திடம் நாள்தோறும் அடிவாங்குவதன் பயன் இது. கவர்ச்சியான சூத்திரத்தைக் கேட்டதும் அது எங்கே பொய்க்கும் என்று தேடத் தோன்றிவிடுகிறது. தமிழாய்வுக்கு இன்று இதைவிடத் தேவையான பழக்கம் வேறொன்று உண்டா என்று தெரியவில்லை.

*

மிகக் கடினமான ஆட்சேபத்தைக் கடைசியில் வைத்திருக்கிறோம். நண்பரான கணினித்துறை ஆசிரியர் ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: “இதையெல்லாம் எந்திரமே எழுதிவிடுகிறதே, இந்தப் பிள்ளை எதற்குக் கண்விழிக்கிறான்?” அவர் சொல்வது மெய். 2025 செப்டம்பரில் பாகு நகரில் நடந்த ஐ.சி.பி.சி. இறுதிச்சுற்றில் முதலிடம் பெற்ற செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அரசுப் பல்கலைக்கழக அணி 12 வினாக்களில் 11-ஐத் தீர்த்தது. அதே வினாக்களை அதே 5 மணி நேர வரம்பில் முயன்ற ஓப்பன் ஏஐ நிறுவனத்தின் எந்திரங்கள் 12-ஐயும் தீர்த்தன. இதை மறைத்துவிட்டுப் பயிற்சியின் பெருமை பேசுவது நேர்மையாகாது.

சதுரங்கம் இந்த அதிர்ச்சியை 1997-இலேயே கண்டுவிட்டது. கஸ்பரோவை எந்திரம் வென்ற ஆண்டு அது. அதற்குப் பின் பிறந்த சென்னைப் பிள்ளை குகேஷ் 2024 டிசம்பரில் 18 வயதில் உலக வாகையர் ஆனார். கிராண்ட்மாஸ்டர் நிலையை எட்டும்வரை எந்திரத்தின் பகுப்பாய்வைப் பெரிதும் தவிர்த்தே அவரைப் பயிற்றுவித்ததாக அவரும் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னாவும் சொல்லியிருக்கிறார்கள். எந்திரத்தின் விடை கையருகே இருக்கும்போது அதைத் தள்ளி வைத்துவிட்டு, தவறானாலும் தன் விடையைத் தேடும் மனவலிமையே அப்பயிற்சியின் சாரம் என்று நாம் கொள்கிறோம். மேலும், எந்திரம் எழுதித் தந்த நிரல் ஒரே மூட்டையை இரண்டு முறை எண்ணியிருக்கிறதா என்று பார்க்க ஒருவர் வேண்டும். அந்தத் தவறைத் தானே செய்து ஓர் இரவு தூங்காமல் கிடந்தவரன்றி வேறெவர் அதைப் பார்ப்பார்?

இதனால் பையனுக்கு வேலை உறுதி என்று நாம் சொல்லவில்லை. அப்படி உறுதி சொல்லும் தகுதி இன்று எவருக்கும் இல்லை. தோட்டை அடகு வைக்கத் துணிந்த ஒரு தாயிடம் பொய் சொல்லலாகாது என்பதில் மட்டும் தெளிவாக இருந்தோம்.

*

அம்மையாரிடம் நாம் சொன்னது இதுதான். பையன் விளையாடவில்லை, படிக்கிறான். வகுப்பில் நாங்கள் கற்றுக்கொடுப்பதைவிட நன்றாகவே படிக்கிறான். ஆனால் தோட்டை அடகு வைக்க வேண்டா. நம் வீட்டில் ஒரு கணினி மாலை 7 மணிக்கு மேல் சும்மா கிடக்கிறது. இங்கே வந்து போடட்டும். அவனுக்கு வேண்டியது கணினி மட்டுமன்று என்பதையும் கண்டிருந்தோம். வினாக்கள் ஆங்கிலத்தில், ஒரு பக்கக் கதையாக வருகின்றன. “கதை என்ன சொல்லுதுன்னு மட்டும் சொல்லுங்கய்யா, கணக்க நான் பாத்துக்கிறேன்” என்பான். நிபந்தனைத் தொடரைப் பிரித்துப் பொருள் சொல்லும் வேலை நமக்குப் புதிதன்று. சங்கப் பாடலின் கொண்டுகூட்டுப் பொருள்கோளைவிட அது எளிது.

இப்போது பையனோடு மேலும் மூவர் வருகிறார்கள், அவர்களில் இருவர் பெண்பிள்ளைகள். விதிமுறை நான்கு: நாளுக்கொரு கணக்கு; ஒரு மணி நேரம் முயலாமல் விடையைப் பார்க்கக் கூடாது; விடையைப் பார்த்தால், மூன்று நாள் கழித்துப் பார்க்காமல் மீண்டும் எழுத வேண்டும்; தவறு நோட்டில் ஏற வேண்டும். முந்திய நாள் தீர்த்தவர் மற்றவர்க்கு விளக்க வேண்டும் என்பதைப் பையனே சேர்த்தான். 1789-இல் சென்னை எழும்பூரில் அநாதைப் பிள்ளைகளின் பள்ளியை ஏற்ற ஆண்ட்ரூ பெல், முந்திப் படித்த பிள்ளையைக் கொண்டே பிந்திய பிள்ளைக்குக் கற்பித்து, அம்முறையை ‘மெட்ராஸ் முறை’ என்று இங்கிலாந்துக்கும் கொண்டுபோனார். நம் திண்ணைகளில் சட்டாம்பிள்ளை என்று வழங்கிய ஏற்பாடும் அதுவே.

அந்தத் தளத்தில் பெயர் சாம்பல் நிறத்திலிருந்து பச்சைக்கு மாற 1200 புள்ளிகள் வேண்டும். பையன் சென்ற போட்டியோடு 1140-இல் நிற்கிறான்; அதற்கு முந்திய போட்டியில் 1163-இல் இருந்தான். இறங்கியதற்கு முகம் வாடியிருந்தது. நோட்டில் எழுதிவிட்டுப் போனான். நமது வெண்பா நோட்டில் நேற்றைய தேதிக்கு நேரே இரண்டு இடத்தில் தளை தட்டியிருக்கிறது. மூன்றாம் அடியில் இருப்பதைத் திருத்திவிட்டோம். முதலடி இன்னும் வசப்படவில்லை.